அவர் செலவை நானும் என் செலவை அவரும் வெட்டிய கதை

சைக்கிள் ரிக்ஷா எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் அழுது முடித்து முகம் கழுவியிருந்தேன்.

என் கணவர் இறங்கினார். ஒரு கையில் ஆபீஸ் குடை. இன்னொரு கையில் வெள்ளைத் துணி போர்த்திய ஏதோ ஒன்று. ரிக்ஷாக்காரரிடம் காசைக் கொடுத்தார். மீதியை அவர் எண்ணத் தொடங்கியதும், 'இருக்கட்டும்' என்பதுபோல் கையை அசைத்தார். அந்தக் கையசைப்பைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்து வருகிறேன். ஒரு ஜமீன்தாருக்குப் பொருத்தமான கையசைப்பு. எங்களுக்கு அப்போது இருந்தது ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. மூன்றுமே வாடகை.

"சரசு, இங்க வா. கண்ண மூடு."

மூடினேன். துணியை உருவும் சத்தம் கேட்டது.

"இப்பப் பாரு."

மூங்கில் கூண்டு. அதற்குள் ஒரு மெர்போக். மலாய்க்காரர்கள் குரலுக்காகவே ஆசை ஆசையாக வளர்ப்பார்களே, அந்தச் சின்னப் புறா. இது குரல் எதையும் காட்டவில்லை. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் என்னை அளந்தது.

"இது காலையில கூவுச்சுன்னா கம்போங் ஊரே எழுந்து நிக்குமாம். வித்தவன் சொன்னான்."

"எவ்வளவு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

அந்தக் கேள்விக்கு அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொகை சொல்லிப் பதில் சொன்னதில்லை.

அன்று மத்தியானம்தான் என் அப்பா வந்துவிட்டுப் போயிருந்தார். அலோர் காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பிறந்ததும் அங்கே, தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில்தான். பஸ் ஏறி வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மழை வரும்போல் இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

"தோட்டத்தத் துண்டு போட்டு விக்கிறாங்க சரசு. வாங்கினவங்க ஆளுக்கொரு பக்கம் வேலி கட்டுறாங்க. பொங்கலுக்குள்ள லயத்தக் காலி பண்ணணுமாம்."

என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சோறு போடுகிறேன் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார். மகள் வீட்டில் கை நனைத்தால் மருமகன் வேறு மாதிரி நினைத்துக்கொள்வாரோ என்ற கூச்சம் அவருக்கு எப்போதும் உண்டு.

அதை என் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று மத்தியானம் முழுவதும் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் அந்தப் புறாவைப் பார்த்ததும் பறந்துவிட்டன. நின்ற இடத்திலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

அவர் கூண்டைத் தரையில் வைத்தார். 

"அவங்க இங்கதானே வரணும்? வேற எங்க போவாங்க?"

அவ்வளவுதான் சொன்னார். யோசிக்கக்கூட இல்லை. இப்படிப்பட்ட மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்? கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் புறாவை முறைத்தேன்.

ஓட்டைக் கை

போன வாரம் எங்கள் கல்யாணத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மகள் கேட்டாள்: "அப்பாவ ஏம்மா இவ்வளவு கிண்டல் பண்றீங்க?" கிண்டல் இல்லை. தர்மலிங்கம் என்ற அந்த மனிதரை உள்ளபடி எழுதினாலே அப்படித்தான் வரும்.

மலாக்கா ஆற்றோரம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கில் அவர் கணக்கெழுதினார். ஒரு சாக்கு மிளகு குறைந்தால் மூன்று நாள் தூங்கமாட்டார். சம்பள நாளன்று வீட்டுக்கு வரும்போது தன் சட்டைப்பையில் பாதி குறைந்திருப்பதை மட்டும் கவனிக்கமாட்டார்.

அவருக்குக் கெட்ட பழக்கம் ஒன்றுமில்லை. குடிக்கமாட்டார், சூதாடமாட்டார். நல்ல பழக்கங்களே அவரைத் தின்றன. காஜா பெராங் சாலை முனையில் ஒரு ஹைனான் சீனரின் கோப்பிக் கடை இருந்தது. வெண்ணெயில் வறுத்த கோப்பிக்கொட்டையின் வாசம் தெருவையே மயக்கும். சாயங்காலம் அங்கே ஒரு பளிங்கு மேசை இவருடையது. சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேரானாலும் காசு இவருடையது. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக வேலை பார்த்த மரியதாஸ், பலகை மில்லில் வேலை பார்த்த முனியாண்டி, அப்புறம் வழியில் போகிற யாரும்.

தலைக்கு வாசனைப் பசை, அதுவும் கப்பலில் வந்தது. வாரத்துக்கு இரண்டு படம். நடந்தால் வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வந்துவிடும் தூரத்துக்கு ரிக்ஷா.

இப்படிச் சொல்லும்போது நான் மட்டும் சிக்கனத்தின் அவதாரம் என்று நினைத்துவிடாதீர்கள். வாராவாரம் சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு ஒரு சிங், தலைப்பாகைக்காரர், வருவார். தவணைக்குத் துணி கொடுப்பார். "காசு அப்புறம் பார்க்கலாம் தங்கச்சி, கண்ணால பார்க்கிறதுக்குக் காசா?" என்று அழகான தமிழில் கேட்பார். நான் கண்ணால் பார்ப்பேன். பிறகு கையால் தடவுவேன். ஒன்றின் தவணை முடியும் முன்பே அடுத்தது பெட்டிக்குள் போய்விடும். மூன்று மணிக்கு வாசலில் குரல் கொடுக்கும் பலகாரக்காரியை வெறுங்கையோடு அனுப்பிய நாளும் கிடையாது. பாண்டான் இலை வாசத்தோடு, தேங்காய்ப்பூவில் புரட்டிய பச்சை உருண்டைகள். கடித்தால் உள்ளே வெல்லப்பாகு உடைந்து மோவாயில் வழியும். எழுதும்போதே நாக்கு ஊறுகிறது.

ஆகவே, மறுநாள் காலையில் இருவரும் உட்கார்ந்து பேசியபோது வீட்டில் சேமிப்பு என்று ஒன்றுமே இல்லை. புறா ஒன்று இருந்தது.

மச்சிக் தந்த மூலை

எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரரான மீனாட்சி மச்சிக் பக்கத்து வீட்டில்தான் இருந்தார். 'மச்சிக்' என்றால் மலாயில் அத்தை, சித்தி முறை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்து தமிழை மறந்த மலாக்காச் செட்டிக் குடும்பம். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரர்களின் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். சாமியிடமும் மலாயில்தான் வேண்டிக்கொள்வார். நான் தோட்டத்தில் கற்ற அரைகுறை மலாயில் அவரோடு பேசுவேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், வீட்டின் பின்சுவரை ஒட்டியிருந்த வெற்றிடத்தைக் காட்டினார். மலாயில் அவர் சொன்னது இதுதான்:

"இங்கே ஒரு பலகை அறை போட்டுக்கொள். செலவு உன்னுடையது, அறையும் உன்னுடையது. நாளைக்கு நீங்கள் வேறு வீட்டுக்குப் போனால் பலகையைக் கழற்றிக்கொண்டு போ. வாடகையை நான் ஏற்றமாட்டேன். உன் அப்பாவுக்கு மீன் பிடிக்குமா?"

இடம் கிடைத்துவிட்டது. பலகை, தகரம், ஆணி, தச்சர் கூலி எல்லாவற்றுக்கும் இனிதான் காசு சேர்க்கவேண்டும். பொங்கலுக்கு இன்னும் பத்து மாதம்கூட இல்லை.

"தேவையில்லாத செலவ நிறுத்திட்டா போதும்," என்றார் என் கணவர், கம்பெனி முதலாளியின் தோரணையில்.

"எது தேவையில்லாதது?"

"உன் சேலைங்க."

"உங்க தலைப்பசை?"

"அது தேவை. துரை என் வேலையப் பாக்கிறதுக்கு முன்னால என் தலையத்தான் பாக்கிறாரு."

அன்று சாயங்காலம் வரை இப்படியே போனது. இருவருக்கும் அவரவர் செலவு ஒவ்வொன்றும் தேவையாகத்தான் இருந்தது. அடுத்தவர் செலவு ஒவ்வொன்றும் ஊதாரித்தனமாகத்தான் இருந்தது. கடைசியில் எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. என் செலவில் எதை வெட்டுவது என்று அவர் சொல்லட்டும். அவர் செலவில் எதை வெட்டுவது என்று நான் சொல்கிறேன். சொன்ன பிறகு மறுபேச்சு கூடாது.

அவர் உடனே ஒப்புக்கொண்டார். என் பட்டியல் எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது.

அவர் துணிக்காரச் சிங்கையும் பலகாரக்காரியையும் வெட்டினார். நான் ரிக்ஷா, தலைப்பசை, வாரம் இரண்டு படம், கோப்பிக் கடை, புறா எல்லாவற்றையும் வெட்டினேன்.

"கோப்பிக் கடையுமா?"

"மறுபேச்சு கூடாதுன்னோமே?"

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பார்க்கவில்லை.

புறா போன விதம்

புறா அதுவரை ஒரு சத்தம் போடவில்லை. கூவாத புறாவை யார் வாங்குவார்கள்? பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து ஒரு மலாய்க்காரர் பார்க்க வந்தார். கூண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவ்வளவுதான். அதுநாள் வரை ஊமையாக இருந்தது கழுத்தை உப்பிக்கொண்டு கூவியது பாருங்கள், மச்சிக் கையில் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

வந்தவர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அவர் சைக்கிள் தெருமுனையில் மறையும் வரை என் கணவர் நின்று பார்த்தார். அது எங்கள் வீட்டில் கூவாததற்கு என் முறைப்புதான் காரணம் என்று கடைசிக்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கலாம்.

சேர்த்த காசை வீட்டில் வைத்தால் தங்காது என்று எனக்குத் தெரியும். ஒரு பால்மாவு டின்னில் போட்டு மச்சிக் வீட்டுச் சமையல்கட்டில் வைத்தேன். பெலாச்சான் என்ற இறால் விழுது டின்னுக்குப் பக்கத்தில். அந்த நாற்றத்தைத் தாண்டி யாரும் கை வைக்கமாட்டார்கள்.

சுதந்திரக் கோட்டு

அந்த வருடம்தான் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்தது. ஊரே புதுத்துணி வாங்கியது. கடைவீதியில் தையற்காரர்கள் ராத்திரி பகலாக மிஷினை மிதித்தார்கள். வீட்டுக்கு வீடு காகிதக் கொடி.

என் கணவர் கண்ணாடி முன்னால் நின்று தன் பழைய கோட்டை இப்படியும் அப்படியும் பார்த்தார்.  மறுநாள் எனக்குத் தெரியாமல் மச்சிக் வீட்டுக்குப் போயிருக்கிறார். மச்சிக் நடித்துக் காட்டியதைத்தான் எழுதுகிறேன்.

"மச்சிக், அந்த டின்ல கொஞ்சம் வேணும். மாமனாருக்கு மருந்து வாங்கணும்."

"அவருக்கு என்ன?"

"இருமல்."

"இருமலா? இஞ்சி தருகிறேன். கொண்டுபோய்க் கொடு."

"இல்ல... கொஞ்சம் பலமான இருமல்."

"அப்படியானால் சரசுவைக் கூட்டிக்கொண்டு வா. ரெண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள்."

"மச்சிக், அது என் காசு!"

"தா போலே," என்றாராம் மச்சிக். முடியாது என்று அர்த்தம். அதற்கு மேல் மலாயில் அப்பீல் கிடையாது.

இஞ்சியோடு திரும்பி வந்தார். எதற்கு என்று நான் கேட்டேன். தேநீருக்கு என்றார்.

நான் அந்தக் கோட்டின் காலரைப் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்துக் கொடுத்தேன். வெயிலில் வைத்து, கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தேன். சுதந்திர நாளன்று இருவரும் நடந்தே திடலுக்குப் போனோம். நான் கட்டியது தவணை முடிந்த சேலை. அவ்வளவு கூட்டத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. வேர்வை வாசம், வறுத்த கச்சான் கடலை வாசம், பட்டாசுப் புகை. யாரோ "மெர்டேக்கா! சுதந்திரம்!" என்று கத்த, இவரும் கையை உயர்த்திக் கத்தினார். அக்குளில் தையல் விட்டுப்போன சத்தம் எனக்குக் கேட்டது. நான் என் கையை அவர் அக்குளில் கொடுத்து மறைத்துக்கொண்டே வீடு வரை வந்தேன். பார்த்தவர்கள் புது ஜோடி என்று நினைத்திருப்பார்கள்.

வயிற்று வலி

உண்மையான தொல்லை கோப்பிக் கடையால்தான் வந்தது.

காசு கொடுக்க முடியாமல் அங்கே போய் உட்கார அவருக்கு மனமில்லை. அடுத்தவர் காசில் குடிக்கவும் தெரியாது. கடை இருந்த முனையைத் தவிர்த்து, சாக்கடையோரச் சந்து வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தார். வந்து கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பார். என்ன பேசினாலும் 'உம்' என்பார். அதை நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். டின் கனத்துக்கொண்டிருந்ததே.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயங்காலம் மரியதாஸும் முனியாண்டியும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்றார்கள்.

"என்ன தர்மு, ஆளையே காணோம்? உடம்புக்கு என்ன?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வயிறு சரியில்லப்பா," என்றார்.

மரியதாஸ் ஆஸ்பத்திரிக்காரர் ஆயிற்றே. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். மறுநாள் ஒரு பாட்டில் மருந்தோடு வந்தார். அதற்கு மறுநாள் குணமா என்று கேட்க வந்தார். முனியாண்டியும் கூடவே வந்தார். வந்தவர்களுக்குக் கோப்பி கொடுக்காமல் இருக்க முடியுமா? வயிறு சரியில்லாதவருக்குக் கோப்பி கொடுக்கவும் முடியாது. என் கணவர் தன் வீட்டிலேயே, தன் காசில் போட்ட கோப்பியை அவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு கஞ்சித் தண்ணீர் குடித்தார்.

கோப்பித்தூள் ஜாடி தரை தட்டியது. பால் டின்கள் காலியாகிக் கிணற்றடியில் சேர்ந்தன. அந்த மாதம் மச்சிக் வீட்டு டின்னில் போட ஒன்றும் மிஞ்சவில்லை. நான் வெட்டிய கோப்பிக் கடை என் கூடத்துக்கே குடிவந்துவிட்டது.

தோட்டத்திலிருந்து அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். பக்கத்து வரிசை லயத்தை ஏற்கெனவே இடித்துவிட்டார்களாம்.

அன்று சாயங்காலம் அவர்கள் வந்து உட்கார்ந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. வெறுங்கையோடு கூடத்துக்கு வந்தேன்.

"அண்ணே, இவருக்கு வயித்துல ஒண்ணுமில்ல. கையிலதான் ஒண்ணுமில்ல."

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். காதுவரை சிவந்திருந்தது. எழுந்து பின்பக்கம் போய்விட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், துண்டு போட்ட தோட்டத்தை, பொங்கலை, பலகை அறையை.

 மரியதாஸ் பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏண்டா தர்மு, இத்தன வருஷம் உன் காசுல குடிச்சிருக்கோம். ஒரு நாள் எங்க காசுல குடிச்சா உனக்குத் தொண்டையில இறங்காதா?"



முனியாண்டி அதிகம் பேசாதவர். அவர் எழுந்து, கிணற்றடிக்குப் போய், அந்த வெற்றிடத்தைக் காலால் அளந்துவிட்டு வந்தார்.

"மில்லுல ஓரம் வெட்டின பலகை கெடக்கு தங்கச்சி. வெறகு வெலைக்குத் தருவாங்க. கூலிக்கு ஆள் வேணாம். ஞாயித்துக்கெழம நாங்க எதுக்கு இருக்கோம்?"

என் கணவர் என்னோடு நான்கைந்து நாள் பேசவில்லை. பேசவேண்டியதை எல்லாம் சுவரிடம் சொன்னார். "சோறு கொழஞ்சிருக்கு," என்பார் சுவரிடம். ஞாயிற்றுக்கிழமை பலகை ஏற்றிய மாட்டுவண்டி வந்து நின்றபோதுதான் மறந்துபோய் என்னைப் பார்த்துக் கத்தினார்: "சரசு! சுத்தியல் எங்க வச்ச?"

ஞாயிற்றுக்கிழமைகள்

அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறை எழுந்தது. முனியாண்டி அறுப்பார், மரியதாஸ் பிடிப்பார், என் கணவர் யோசனை சொல்வார். ஈர மரத்தூளின் வாசம் சமையல்கட்டு வரை வரும். மச்சிக் புளி போட்ட மீன்குழம்பு அனுப்புவார். நான் கோப்பி போடுவேன். தூள் மரியதாஸ் வாங்கி வருவார், பால் முனியாண்டி. என் கணவர் அதை வாங்கிக் குடிக்கக் கற்றுக்கொண்டார். எல்லாவற்றையும்விட அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

ஊதாரித்தனம் என்று நான் வெட்டிய அந்தக் கோப்பிக் காசு சம்பாதித்துத் தந்த சிநேகிதத்தில்தான் பாதி அறை வந்தது. மீதிப் பாதி டின்னிலிருந்து வந்தது. யார் வெட்டியது சரி என்று எங்களுக்குள் கடைசிவரை தீரவில்லை.

சிக்கனப் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே நிலைத்துவிட்டது. நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் விளக்கை அணைக்கும் அளவுக்கு அவர் தேறிவிட்டார். சிங் சைக்கிள் மணி கேட்டால் என்னைவிட வேகமாக வாசலுக்கு ஓடி, வழியை மறித்து நிற்பார்.

பொங்கலுக்கு முன்பே அப்பாவும் அம்மாவும் ஒரு லாரியில் வந்து இறங்கினார்கள். ஒரு தகரப்பெட்டி, அம்மி, இரண்டு பாய், ஒரு முருகன் படம். அத்தனை வருட வாழ்க்கை லாரியின் ஒரு மூலையைக்கூட நிறைக்கவில்லை.

அம்மா நேரே அடுப்பைத் தேடிப் போனார். அப்பா புது அறையின் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றினார். பலகையில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். உள்ளே போய், முருகன் படத்தை மார்போடு அணைத்தபடி நாலாபக்கமும் பார்த்தார். தோட்டத்து லயத்தில் ஓர் ஆணி அடிக்கவேண்டும் என்றால்கூட கிராணி என்ற தோட்டத்துக் குமாஸ்தாவிடம் சொல்லி, கிராணி துரையிடம் சொல்லி, பதில் வரவேண்டும். எங்கள் முருகன் என் சிறு வயது முழுவதும் அரிசிப் பானையின் மேல்தான் சாய்ந்திருந்தார்.

"மாப்பிள," என்றார் அப்பா. "இங்க ஆணி அடிக்கணும்னா யாருகிட்ட கேக்கணும்?"

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"யாரையும் கேக்க வேணாம் மாமா. அடிங்க."

அப்பா அடித்தார். படத்தை மாட்டி, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். திரும்ப முன்னால் வந்து, எதிர்ப்பக்கத்துப் பலகையில் இன்னோர் ஆணி அடித்தார்.

"அதுல என்ன மாட்டப் போறீங்க?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றார் அப்பா. மூன்றாவது ஆணியை எடுத்தார்.